கருவூரில் துஞ்சிய புகழ்ச்சோழர்

திருத்தொண்டத்தொகையிற் போற்றப்பெறும் முடிமன்னருள் புகழ்ச்சோழர் ஒருவர். உறையூரில் அரசிருந்த அவர், கொங்கரும் குடபுல வேந்தரும் கொணரும் திறையை ஏற்றற்பொருட்டுக் கருவூரை அடைந்து ஆண்டு வைகினார் என்றும், ஆனிலைப் பெருமானை வழிபட்டார் என்றும் பெரிய புராணம் கூறும். கருவூரோ சேரர்க்கு உரியதாகப் பேசப்படுவது. சேரர் ஊரிற் சோழர் அரசிருந்தது யாங்ஙனம்? சேக்கிழார் அநபாய சோழனுக்கு அமைச்சராய் இருந்தவர். ஆதலின் தம் அரசன் குலத்தைச் சிறப்பித்தற்குக் கொங்கின் தலைவாயிலை அக்குலத்துக்கு உரித்தாக்கினார் என்று கூறி, இவ்வரலாறு முழுவதையும் புனைந்துரை என ஒதுக்குவாரும் உளர்.

இக்கூற்று ஒரு சொல்லாலே வீழ்வதாம். சேக்கிழார்க்குப் பல நூற்றாண்டு முற்பட்ட சுந்தரமூர்த்தி சுவாமிகள் புகழ்ச்சோழரைக் கருவூரில் துஞ்சியவர் என்றே குறித்தருளினார். அவர் காலம் கி.பி. 8 ஆம் நூற்றாண்டு என்பது பெரும்பாலார் துணிபு. விசயாலயன் தஞ்சையைக் கைக்கொண்டது 9 ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலாகும். சோழர் சிற்றரசராய் ஒடுங்கிக்கிடந்த காலத்தில், அவரை முகமன் கூறி மகிழ்வித்தற்கு ஒருவர்க்கும் காரணம் இல்லை.

அச்சொல்லின் அமைதியும் நோக்கத்தக்கது. மன்னனை அவன் துஞ்சிய இடத்தால் விதந்து வழங்குவது பழைய அரச வழக்கு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் எனப் புறநானூற்றின் பழங்குறிப்புக்களில் இவ்வழக்கு நிரம்பக் காணப்படும். சுவாமிகள் புகழ்ச்சோழரைக் குறித்த முறையும் அதுவே. எனவே இச்செய்தி அவர் காலத்துக்கும் முற்பட்டதோர் அரச மரபிலிருந்து வந்ததாதல் கூடும்.

சோழர் கருவூர்மேற் சென்றதும் புதிதன்று. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்தபொழுது ஆலத்தூர்கிழார் அவனைப் பாடிய செய்யுள் புறநானூற்றில் உளது. இதுகொண்டு அவனே புகழ்ச்சோழர் என்று துணிதல் பொருந்தாது. ஒருவன் குளமுற்றத்துத் துஞ்சினான். மற்றவர் கருவூரில் துஞ்சினார். பெயரொலியும் செயலொப்பும் பற்றி நாயன்மாரைச் சங்கத்து அரசரோடு முடிச்சிடுவது, புராணத்தை இகழ்வதினும் பெருந்தீங்கு விளைப்பதாகும்.

இனிச் சேரரை நோக்கின், கருவூர்க்கு அண்மையிலுள்ள புகழூர் ஆறுநாட்டான் மலைக் குகையில் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்த கல்வெட்டு அவர்தம் மூன்று தலைமுறையைத் தெரிவிக்கின்றது. கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆனபொழுது செங்காயபன் என்னும் சமண முனிவர்க்கு அறுத்தளித்த உறையுள் அது. அக்கொடை சமணர்க்கே ஆயினும், இரும்பொறை மரபினர் இந்நிலத்தில் ஆட்சி செய்தமைக்கு அதனினும் உறுதியான சான்று வேண்டா. கி.பி. 2 ஆம் நூற்றாண்டினரான தாலமி என்னும் யவனரும் சேரர் கோநகரைக் கரூரா எனப் பெயரிட்டு உள்நாட்டூராகவே வைத்தார். (வஞ்சி இக்கருவூரோ, மேல்கடற்கரையதோ என்னும் வழக்கில் அறிஞர் எழுதிய ஏடுகள் ஒரு வண்டிக்கு மிகும்.) ஆகவே சேரர் ஊர் என்பதும் மெய்; சோழர் அதனை விரும்பிப் பொருததும் மெய். தேவாரம் பெற்ற கொங்குத் தலங்கள் ஏழனுள் ஒன்றாகிய இவ்வூர் 1910 வரை கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அடங்கியிருந்தது.

திறை கொடாது நின்றவனாகப் புராணம் கூறும் அதிகனும் கற்பனை அல்லன். அதிகர் என்பது ஒருவர் பெயரன்று. தகடூரை ஆண்ட குலத்தின் பெயர். திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையில் 1981 இல் கண்டறியப்பட்ட கல்வெட்டு அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்கின்றது. அசோகனுடைய சாசனத்திற் சேர சோழ பாண்டியரோடு எண்ணப்பட்ட சதியபுதரும் இக்குலத்தினரே என்பது அதனால் விளங்கிற்று. பல நூற்றாண்டின் பின் நாமக்கல்லிற் குடைவரைக் கோயில் எடுத்த குணசீலனும் அக்குலத்தினன். ஆதலின் அதிகன் என்னும் பெயரொன்று கொண்டு புகழ்ச்சோழர் காலத்தை வரையறுத்தல் இயலாது.

சேக்கிழார் தம் காலத்துச் செய்தியை ஓரிடத்துக் கலந்தனர் போலும். எறிபத்த நாயனார் புராணத்தில் கருவூரை அநபாய சோழன் மரபின் மாநகரம் என்கின்றார். சோழப் பேரரசின் காலத்துக் கல்வெட்டுக்கள் அவ்வூரை முடிவழங்கு சோழபுரம் என வழங்குதல் ஈண்டு நினைக்கத்தக்கது. இவ்வளவே அவர்மீது ஏற்றத்தக்கது. அமைச்சர் அதிகனது மலையரணை அழித்துக் கொணர்ந்த தலைக்குவையில் சடைத்தலை ஒன்றைக் கண்ட புகழ்ச்சோழர், சிவனடியார் ஒருவர் தம் படையால் மாண்டார் என்று நடுங்கி, மகனுக்கு முடிசூட்டப் பணித்து, அத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தி எரியிற் புகுந்தார். குலப்புகழ் ஒன்றே பாடப் புகுந்த அவைப்புலவன், தன் அரசனுடைய முன்னோன் அதிகனை வென்ற அப்பொழுதே அவனைத் தீயிடைச் செலுத்திக் காட்டான்.