ஒபோசம்: ஆயுளும் இயற்கை வரலாறும்
ஒபோசம் அமெரிக்கக் கண்டங்களில் வாழும் வயிற்றுப்பைப் பாலூட்டி. மெக்சிகோவுக்கு வடக்கே இயல்பாக வாழும் ஒரே வயிற்றுப்பை விலங்கு, பூனையளவே உள்ள வர்ஜீனியா ஒபோசம். 12, 13 நாளே கருவில் இருந்து தேனீயளவில் பிறக்கும் குட்டிகள், கண் திறவாமலே தாயின் மயிரைப் பற்றி ஏறிப் பையை அடைகின்றன. பையில் பெரும்பாலும் 13 முலைக்காம்புகளே உண்டு. காம்பு கிடைக்காத குட்டி பிழைப்பதில்லை. இத்தனை குட்டிகளை ஈனும் தாய், காட்டில் இரண்டு ஆண்டைத் தாண்டுவது அரிது. உடல் சிறியது, வயிற்றுப்பை விலங்கு என்று காரணம் சொன்னால் போதாது. ஆஸ்திரேலியாவின் தூரிகைவால் போசமும் அப்படிப்பட்டதே. அது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு குட்டி ஈன்று, பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது.

இந்தக் குறுகிய ஆயுளுக்கு வேர், வேட்டை விலங்குகளின் நெருக்கடி என்பதே வலுவான விளக்கம். உயிரியலாளர்கள் பீட்டர் மெடவார் 1952இலும் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957இலும் முன்வைத்த கருத்துகள் இதற்கு அடிப்படை. பெரும்பாலானவை இளமையிலேயே கொல்லப்படும் இனத்தில், முதுமை வரை உடலைப் பேணும் பண்புக்கு இயற்கைத் தேர்வில் மதிப்பில்லை. சீக்கிரம் நிறையக் குட்டி ஈனும் பண்பே வெல்லும். உயிரியலாளர் ஸ்டீவன் ஆஸ்டட் இதை ஜார்ஜியா கரையோரத்திலுள்ள சபேலோ தீவில் சோதித்தார். பெருநிலத்திலிருந்து சில ஆயிரம் ஆண்டுகளாகப் பிரிந்திருக்கும் அத்தீவில் பூமா, நரி போன்றவை இல்லை. 1993இல் வெளியான முடிவின்படி, தீவின் ஒபோசங்கள் சராசரியாகச் சுமார் 25 விழுக்காடு கூடுதலாக வாழ்ந்தன. ஒரே ஈற்றில் குறைவான குட்டிகளையே ஈன்றன.

கொல்வார் இல்லாத இடத்தில் அதிகம் வாழ்வதில் வியப்பென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆஸ்டட் வாலின் தசைநாணையும் ஆராய்ந்தார். வயதாக ஆக அதிலுள்ள கொலாஜன் இழைகள் விறைக்கும். தீவு விலங்குகளில் அந்த விறைப்பு மெதுவாகவே ஏறியது. கொல்லப்படாமல் தப்பியதோடு, அவை மெதுவாக மூப்படையவும் செய்தன. ஆபத்தே இல்லாத கூண்டிலும் பெருநில ஒபோசம் நான்கு ஆண்டைத் தாண்டுவது அபூர்வம் என்பதும் இதற்குத் துணை நிற்கிறது: அதன் முதுமை உடலுக்குள்ளேயே இருக்கிறது.

இதைவிடக் கடினமான மறுப்பு டிரினிடாடின் கப்பி மீன்களிடமிருந்து வந்தது. வேட்டை மிகுந்த நீரோடைகளிலிருந்து வந்த கப்பிகள் சீக்கிரம் மூப்படையவில்லை என்று டேவிட் ரெஸ்னிக் குழு 2004இல் காட்டியது. ஆகவே வேட்டை மிகுந்தால் ஆயுள் குறையும் என்று எல்லா உயிருக்கும் விதி எழுத முடியாது. தளர்ந்தவையே முதலில் பிடிபடும் இடத்தில், வேட்டையே உடல் வலுவைக் காக்கத் தூண்டலாம். தளர்ந்ததும் திடமானதும் ஒருபோலச் சாகும் இடத்தில்தான் மெடவாரின் கணக்கு பொருந்தும். ஓடித் தப்பும் வேகமில்லாமல், அகப்பட்டதும் தன்னையறியாமலே செத்ததுபோல் விறைத்துக் கிடக்கும் ஒபோசத்தை இந்த இரண்டாம் வகையில் சேர்ப்பதே சரி.