பான்ஷீ: கார்புரேட்டர் மேல் விழுந்த 20 வருடப் பழி

அமெரிக்காவின் மணல்மேடுகளில் ஓடும் ஏ.டி.வி. வண்டிகளில் (நான்கு குண்டுச் சக்கரம் போட்ட மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள்) யமஹா பான்ஷீ அளவுக்குப் பேர் வாங்கிய டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் ரொம்பக் குறைவு. அந்த அளவுக்குத் திட்டு வாங்கிய கார்புரேட்டரும் குறைவுதான்! ஐடிலில் நிற்கவில்லையா, கார்புரேட்டர். மேடு ஏறும்போது இருமுகிறதா, கார்புரேட்டர். பிஸ்டன் உருகிப்போனதா, அதற்கும் கார்புரேட்டர். 1987ல் தொடங்கி 2006ல் முடிந்த பான்ஷீயின் அமெரிக்க வரலாற்றைப் பார்த்தால், இந்தக் குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை, மீதி வெறும் பழி என்று புரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் விலையாகக் கொடுத்தது பிஸ்டனும் சிலிண்டரும். சில சமயம் அதைவிடப் பெரிய விலை.

முதலில் வண்டியின் பூர்வீகம். 1970ல் ஹோண்டா பலூன் டயர் போட்ட மூன்று சக்கர வண்டி ஒன்றை அமெரிக்காவில் இறக்கியது. 89 சிசி, ஃபோர்-ஸ்ட்ரோக், சாது வண்டி. 1982ல் சுசுகி நான்காவது சக்கரத்தைச் சேர்த்தது. அதன்பிறகு பந்தய வெறி பிடித்துக்கொண்டது. 1985ல் சுசுகி எல்டி250ஆர், 1986ல் ஹோண்டா டிஆர்எக்ஸ்250ஆர், இரண்டுமே ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். யமஹா வேறு வழியில் போனது. இரண்டு சிலிண்டர், 347 சிசி, தண்ணீரில் குளிரும் இன்ஜின், ஆறு கியர், இரண்டு 26 மி.மீ. மிகுனி கார்புரேட்டர். இந்த இன்ஜின் புதிதாகப் பிறந்ததும் அல்ல. 1980ல் ஐரோப்பாவுக்கு வந்த ஆர்டி350எல்சி என்ற சாலை வண்டியின் வம்சம். அதற்கும் முந்தைய தலைமுறை, காற்றில் குளிரும் 1973ன் ஆர்டி350. சிலிண்டர் விட்டம் 64 மி.மீ., ஸ்ட்ரோக் 54 மி.மீ. என்ற அளவு மூன்றிலும் ஒன்றே. அந்தப் பழைய ஆர்டி350தான் 1983ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி மூலம் ராஜ்தூத் 350 ஆக இந்தியாவுக்கு வந்தது. ஆக, பான்ஷீக்கு நம்மூர் ராஜ்தூத் பெரியப்பா முறை!

சாலை வண்டியின் இன்ஜினை மணலில் விட்டால் என்ன ஆகும்? சாலையில் முழு ஆக்ஸிலேட்டரை யாரும் ரொம்ப நேரம் பிடித்திருப்பதில்லை. மணல் அப்படி விடாது. சக்கரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும், மேடு முடியும்வரை கட்டைவிரல் லீவரை விட முடியாது. கார்புரேட்டரில் இருக்கும் சின்னத் தவறுகூட அங்கே பெரிதாகிவிடும்.

கார்புரேட்டருக்குள் ஒரே ஒரு பெட்ரோல் வழி இல்லை, பல வழிகள் இருக்கின்றன. ஆக்ஸிலேட்டர் கால்வாசிக்குள் இருக்கும்போது பெரும்பாலும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பேசும். கால்வாசி முதல் முக்கால்வாசி வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். இடையிடையே ஸ்லைடின் கீழ் வெட்டும் மூக்கை நுழைக்கும். எனவே "வண்டி சரியில்லை" என்ற புகாருக்கு அர்த்தமே கிடையாது. எவ்வளவு ஆக்ஸிலேட்டரில் சரியில்லை என்பதுதான் கேள்வி. ஐடிலில் தடுமாறும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது, பல்வலிக்குச் செருப்பு மாற்றுகிற மாதிரி.

இந்தத் தவறுகளில் பெட்ரோல் அதிகமானால் (மெக்கானிக் பாஷையில் ரிச்) பெரிய ஆபத்து இல்லை. புகை வரும், பிளக் கறுத்து நனையும், இழுவை குறையும். பெட்ரோல் குறைந்தால்தான் (லீன்) வினை. சூடு ஏறும். அதைவிட முக்கியம், டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். சூடு ஏறும் அதே நேரத்தில் மசகும் போய்விடும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அதுவும் எப்போது? வண்டி மிக நன்றாக இழுத்துக்கொண்டிருக்கும்போது. லீன் ஆகும் டூ-ஸ்ட்ரோக் சாவதற்கு முன் கொஞ்ச நேரம் வழக்கத்தைவிட நன்றாக ஓடும் என்பது பழைய ஆட்களின் அனுபவம். ஐரிஷ் நாட்டுப்புறக் கதைகளில் பான்ஷீ என்றால் ஒரு வீட்டில் சாவு வரப்போவதை ஓலமிட்டு அறிவிக்கும் பெண் ஆவி. பெயர் வைத்தவர் இதை யோசித்து வைத்தாரோ என்னவோ, பொருத்தம்தான்.

ஆயில் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. பாதுகாப்புக்காக ஆயிலை அதிகம் ஊற்றினால் கலவை லீன் ஆகும். 40க்கு 1 என்ற கலவையில் பெட்ரோலின் பங்கு சுமார் 97.6 சதவீதம், 20க்கு 1 என்றால் 95.2 சதவீதம். அதே ஜெட் துளை வழியாக வரும் திரவத்தில் பெட்ரோல் குறைந்துவிட்டது! கணக்குப் பாடம் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும், மெக்கானிக்கோடு சண்டை போட்டவர்கள்தான் அதிகம்.

பான்ஷீ வாங்கியவர்கள் அதை அப்படியே ஓட்டவில்லை. முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி எறிந்தார்கள். அடுத்து சைலன்சர். டூ-ஸ்ட்ரோக் சைலன்சரின் வயிற்றுப் பகுதி சும்மா அலங்காரம் இல்லை. அதில் எதிரொலித்துத் திரும்பும் அழுத்த அலை, வெளியேறப் பார்க்கும் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் இதைப் பந்தயத்துக்காகச் செதுக்கியவர் வால்டர் காடன். அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961ல் ஸ்வீடன் பந்தயத்தின்போது தப்பியோடி சுசுகியில் சேர, 1962ல் சுசுகி 50 சிசி உலகப் பட்டம் வென்றது. ஜப்பான் டூ-ஸ்ட்ரோக்குகளின் பொற்காலம் அங்கிருந்துதான் வேகம் எடுத்தது. புது சைலன்சர் போட்டால் இன்ஜின் அதிகக் காற்றை இழுக்கும், அதற்கேற்பப் பெரிய ஜெட் வேண்டும். சைலன்சருக்குச் செலவு செய்தவர்கள் அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத விலையுள்ள ஜெட்டை மறந்ததுதான் பல பிஸ்டன்களின் மரணக் காரணம். ஜெட்டில் போட்டிருக்கும் எண்ணும் ஏமாற்றும். மிகுனியின் ஆறுமூலை மெயின் ஜெட்டில் இருப்பது பெட்ரோல் பாயும் அளவுக்கான எண்; கெய்ஹின் ஜெட்டில் இருப்பது துளையின் விட்டம். இரண்டிலும் 160 என்று இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

இடமும் விளையாடும். கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகள் தாழ்வான பாலைவனத்தில் இருக்கின்றன. யூட்டா மாநிலத்தின் லிட்டில் சஹாரா ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட சுமார் 14 சதவீதம் குறைவு. கிளாமிஸில் கச்சிதமாக ஓடிய வண்டி யூட்டாவில் புகை தள்ளி இருமும், சின்ன ஜெட் போட வேண்டும். யூட்டாவில் ட்யூன் செய்த வண்டியை அப்படியே கிளாமிஸுக்குக் கொண்டுவந்தால்? லீன். குளிர்காலம் வேறு இருக்கிறது. 35 டிகிரியில் இருக்கும் காற்று 0 டிகிரிக்கு இறங்கினால் 13 சதவீதம் அடர்த்தியாகிவிடும். பகலில் நன்றாக ஓடிய வண்டி விடியற்காலைக் குளிரில் சீஸ் ஆவது மாயம் அல்ல.

இதுவரை சொன்னது கார்புரேட்டர் மேல் உள்ள நியாயமான குற்றம். இனி பழி.

டூ-ஸ்ட்ரோக்கில் கலவை முதலில் க்ராங்க்கேஸுக்குள் போய், அங்கிருந்து பிஸ்டனால் மேலே தள்ளப்படுகிறது. அதாவது இன்ஜினின் அடிவயிறே ஒரு பம்ப். அதில் எங்கே ஓட்டை இருந்தாலும் கார்புரேட்டருக்குத் தெரியாமல் காற்று உள்ளே நுழையும். க்ராங்க் ஆயில் சீல், சிலிண்டருக்கு அடியில் உள்ள கேஸ்கெட், கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் ரப்பர், பான்ஷீயில் இரண்டு பக்க இன்டேக்கையும் இணைக்கும் குறுக்குக் குழாய், எல்லாமே சந்தேக லிஸ்டில். அறிகுறியோ அச்சு அசல் கார்புரேட்டர் கோளாறு மாதிரியே இருக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் ஐடில் இறங்காமல் தொங்கும், ஒருநாள் சரியாக ஓடும், மறுநாள் ஓடாது. ஜெட்டைப் பெரிதாக்கினால் கொஞ்சம் சரியானது போலத் தோன்றும், ஓட்டை மட்டும் வளர்ந்துகொண்டே போகும். இதற்கு மருந்து, இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்துவிட்டு சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அழுத்தத்தில் காற்றேற்றி, 6 நிமிடம் நிற்கிறதா என்று பார்ப்பது. அனுபவசாலிகள் இதைச் செய்யாமல் ஜெட் டப்பாவைத் தொடுவதே இல்லை. மற்றவர்கள் மூன்று பிஸ்டன் போன பிறகு கற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது பழி சுவாரசியமானது, கொஞ்சம் சங்கடமானதும்கூட. பான்ஷீயில் டார்ஸ் என்ற ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது. கட்டைவிரல் லீவரில் ஒரு சுவிட்ச், கார்புரேட்டர்களின் தலையில் சுவிட்சுகள். லீவரை விட்டபிறகும் ஸ்லைடு மேலேயே சிக்கிக்கொண்டால், வண்டி பாயாதபடி டார்ஸ் இக்னிஷனை வெட்டி வேகத்தை இறக்கிவிடும். மணலும் தூசியும் புகும் வண்டியில் ஸ்லைடு சிக்குவது கற்பனை இல்லை. அது ஏ.டி.வி. விபத்துகளில் நூற்றுக்கணக்கானோர், அவர்களில் நிறையக் குழந்தைகள், இறந்துபோன காலம். அமெரிக்க அரசு வழக்குப் போட்டு, 1988 ஏப்ரலில் நீதிமன்ற ஒப்பந்தத்தின் மூலம் மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது.

ஆனால் அந்த சுவிட்சுகளே ஈரத்திலும் தூசியிலும் கெட்டுப்போகும். கெட்டால் இன்ஜின் இருமும், வேகம் எடுக்காது. பார்ப்பவருக்கு அதுவும் கார்புரேட்டர் கோளாறுதான்! பார்க்கிங் பிரேக் சுவிட்ச் கெட்டாலும் இதே நாடகம். வாரக்கணக்கில் ஜெட் மாற்றிக் களைத்தவர்கள் கடைசியில் உண்மையைக் கண்டுபிடித்து, டார்ஸையே மொத்தமாகப் பிடுங்கி எறிந்தார்கள். அதைக் கழற்றுவதற்கென்றே தனி கிட் விற்கும் அளவுக்கு வியாபாரம் நடந்தது. ட்யூனிங் தொல்லை தீர்ந்தது. ஸ்லைடு சிக்கினால் காப்பாற்ற ஆளும் இல்லாமல் போனது. கில் சுவிட்சை இடுப்போடு கயிறு கட்டி வைத்துக்கொண்டவர்கள் புத்திசாலிகள். எல்லோரும் கட்டிக்கொள்ளவில்லை.

கடைசி அடி சட்டத்திடமிருந்து வந்தது. மாசு அளவு மீறிய வண்டிகளுக்குக் கலிபோர்னியா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, சில இடங்களில் சில மாதங்கள் மட்டுமே ஓட அனுமதித்தது. அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு 2002ல் போட்ட விதி 2006 மாடல் முதல் படிப்படியாக அமலானது. இங்கே எந்த ட்யூனிங்கும் உதவாது. சாதாரண டூ-ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் வழி மூடும் முன்பே புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமல் வெளியே ஓடிவிடும். சில நிலைகளில் கால் பங்குக்கும் மேலேயே. ஜெட் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் இது நிற்காது. அமெரிக்காவில் 2006தான் பான்ஷீயின் கடைசி மாடல். அதே வருடம் யமஹா ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் போட்ட ராப்டர் 700ஐக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் மட்டும் பான்ஷீ 2012 வரை தாக்குப்பிடித்தது.

பழைய வண்டிகள் இன்னும் மணலில் ஓடுகின்றன, பெட்ரோல்தான் மாறிவிட்டது. கலிபோர்னியா பெட்ரோலில் 2010 முதல் 10 சதவீத எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குப் பொருந்திய ஜெட் இதில் சுமார் 4 சதவீதம் லீன். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் ஃப்ளோட் கிண்ணத்தில் மிஞ்சிய பெட்ரோல் காய்ந்து பிசினாகி, மயிரிழைத் துளையுள்ள பைலட் ஜெட்டை அடைத்துவிடும். அடுத்த சீசனில் வண்டி ஐடிலில் நிற்காதபோது, இந்தமுறை குற்றவாளி நிஜமாகவே கார்புரேட்டர்தான். கழற்றி, ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.