இரண்டாயிரம் சொல் வேலி

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் ‘நெட்வொர்க்’ என்ற சொல்லுக்குத் தந்த விளக்கத்தைச் சொல்லி அகராதிக்காரர்கள் இன்றும் சிரிக்கிறார்கள். வலைப்பின்னல் என்றால் என்ன என்று கேட்டு வந்தவரை, அதைவிடக் கரடுமுரடான லத்தீன் வழிச் சொற்கள் நான்கு சூழ்ந்துகொள்ளும். ஜான்சன் இதை அறியாதவர் அல்லர். ஒரு சொல்லை விளக்க அதைவிட எளிய சொல் வேண்டும், அது எப்போதும் அகப்படாது என்று தம் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டவர் அவர்.

அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1604இல், ராபர்ட் காட்ரே என்ற பள்ளி ஆசிரியர் ஏறக்குறைய 2,500 கடினச் சொற்களைத் தொகுத்திருந்தார். லத்தீன் படிக்க வாய்ப்பில்லாத பெண்களையும் மற்றவர்களையும் மனத்தில் வைத்துச் செய்த நூல் அது. பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஓரிரு சொற்களே விளக்கம். யாருக்காக எழுதுகிறோம் என்பதில் காட்ரேவுக்கு இருந்த தெளிவு, அகராதி பெரிதாகப் பெரிதாக மங்கிப்போனது.

அந்தத் தெளிவு மீண்டது இங்கிலாந்தில் அல்ல, டாக்காவில். இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்காளச் சிறுவர்களைக் கூர்ந்து கவனித்தார். பலர் பாதியிலேயே பள்ளியை விட்டுப் போனார்கள். அதுவரை படித்த ஆங்கிலம் அவர்களுக்கு எதற்கும் உதவவில்லை. ஆயுள் காப்பீட்டை இடையில் முறித்தால் ஒரு தொகை கையில் கிடைக்கும் அல்லவா? அந்த ‘சரண்டர் மதிப்பு’ படிப்புக்கும் இருக்க வேண்டும் என்று வெஸ்ட் வாதிட்டார். குறைந்த சொற்களைக் கொண்டு வாசிக்கக் கற்றுவிட்டால், எந்த வகுப்பில் நின்றாலும் அந்த அளவு கையில் நிற்கும்.

இந்தச் சிக்கனத்தை அவர் அகராதிக்கும் கொண்டுபோனார். ஜேம்ஸ் என்டிகாட்டுடன் சேர்ந்து 1935இல் அவர் வெளியிட்ட அகராதி, சொற்களும் மரபுத்தொடர்களுமாக ஏறத்தாழ 24,000 பதிவுகளை வெறும் 1,490 சொற்களுக்குள் விளக்கியது. கட்டுப்பாடு மாணவருக்கு அல்ல, விளக்கம் எழுதுபவருக்கு! நாற்பதாண்டுகளுக்கும் மேல் கழித்து, 1978இல் வந்த லாங்மன் அகராதி இதே வழியில் சுமார் 2,000 விளக்கச் சொற்களை வைத்துக்கொண்டது. பிறகு, 1987இல், பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி வேறு பாதையில் போனது. துண்டு துண்டான விளக்கங்களை விட்டு, ஆசிரியர் வகுப்பில் வாய்விட்டுச் சொல்வதுபோல் முழு வாக்கியமாகவே பொருள் சொன்னது. சொல் எந்தச் சூழலில், எந்தச் சொற்களோடு வரும் என்பதும் அந்த வாக்கியத்திலேயே தெரிந்தது.

சிக்கனத்திலும் ஓட்டை உண்டு. விளக்கச் சொற்பட்டியலில் ‘புட்’ இருக்கிறது, ‘அப்’ இருக்கிறது, ‘வித்’ இருக்கிறது. மூன்றையும் சேர்த்தால் வரும் ‘பொறுத்துக்கொள்’ என்ற பொருள் மாணவருக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? இருமொழி அகராதிக்குத் தாவினாலும் ஜான்சனின் பூதம் பின்னாலேயே வருகிறது. ‘ஹைப்பாதிசிஸ்’ என்று தேடும் தமிழ் மாணவருக்குக் ‘கருதுகோள்’ கிடைக்கிறது. அடுத்து அவர் கருதுகோளுக்குப் பொருள் தேட வேண்டும்.

வெஸ்ட் 1953இல் இன்னொன்றும் செய்தார்: சுமார் 2,000 பொதுச் சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். உயர்கல்வி ஆங்கிலத்தின் கதை இந்த வேலியில்தான் திரும்புகிறது. நியூசிலாந்தின் வெலிங்டனில் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு பிரிவுகளிலிருந்தும் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி நூல் தொகுப்பைச் சேர்த்தார். வெஸ்டின் சொற்களைக் கழித்துவிட்டு, நான்கு பிரிவுகளிலும் பரவலாக வருபவற்றை எண்ணினார். 2000ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியல் வந்தது. கல்வி நூல்களில் பத்துச் சொல்லுக்கு ஒன்று இவற்றில் அடங்கும். கதைகளிலோ நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. ‘கான்செப்ட்’, ‘அனலைஸ்’, ‘அஸ்யூம்’ எல்லாம் இங்கேதான். வேலிக்கு உள்ளே விளக்கும் சொற்கள், வெளியே விளக்கப்பட வேண்டிய சொற்கள் என்று கல்வி ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டாகப் பிரிந்தது.

ஆனால் வேலி பழையது. அது நட்டபோது கணினி வீட்டுப் பொருளாகவில்லை. அதனால் காக்ஸ்ஹெட்டின் பட்டியலில் ‘கம்ப்யூட்டர்’ கல்விச் சொல்லாக நிற்கிறது. வேலை என்று பொருள்படும் ‘ஜாப்’ கூட அப்படித்தான்! எட்டாம் வகுப்புப் பையனும் சொல்லும் சொல்லை ஆய்வு மொழியாகப் படிக்கச் சொல்வது வேடிக்கை. வேடிக்கையல்லாத விளைவும் ஒன்று உண்டு. வேலிக்குள் இருந்த ஒரே காரணத்துக்காக, ஆய்வு நூல்களில் வேறு பொருளில் புழங்கும் எளிய சொற்கள் கணக்கிலேயே வரவில்லை.

அமெரிக்காவில் டீ கார்ட்னரும் மார்க் டேவிஸும் 2014இல் வேலியையே எடுத்துவிட்டார்கள். 12 கோடிச் சொற்கள் கொண்ட கல்வித் தொகுப்பை எடுத்து, மற்ற வகை எழுத்தைவிட அதில் எது தூக்கலாக வருகிறது என்று பார்த்தார்கள். அவர்கள் பட்டியலின் உச்சியில் நிற்பது ‘ஸ்டடி’. பள்ளிப் பிள்ளைக்கு அது ‘படி’ என்ற ஏவல். ஆய்வுக் கட்டுரையில் அது ‘ஓர் ஆய்வு’ என்ற பெயர்ச்சொல். ஏற்கெனவே தெரிந்த சொல் என்பதால் அதற்கு யாரும் அகராதியைத் திறப்பதில்லை.