பூச்சுக்கு அடியில் இருக்கும் பென்சில் எழுத்து

அண்மையில் ஒரு தம்பி எனக்கு எழுதிக் கேட்டிருந்தார். அவரிடம் பழைய கறுப்பு மின்கிட்டார் ஒன்று இருக்கிறது. "அண்ணா, இதன் பெயின்ட்டை உரித்துவிட்டு மரம் தெரிகிற மாதிரிச் செய்யலாமா? அப்படிச் செய்தால் சத்தம் நன்றாக வரும் என்கிறார்களே, உண்மையா?"

செய்யலாம். சத்தம் பற்றிய கதையைப் பெரிதாக நம்ப வேண்டாம். சுருக்கமான பதில் இவ்வளவுதான். ஆனால் உரிக்கத் தொடங்குமுன், அந்தப் பூச்சு அங்கே எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது நம்முடைய ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிற கதை.

அந்தச் சொல் அரக்கு. அம்மாவின் கூறைச் சேலையைப் பார்த்து "அரக்குச் சிவப்பு" என்று வீட்டில் சொல்வார்களே, அதே அரக்குத்தான். அது ஒரு சிறு பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசின். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள சோட்டா நாக்பூர் மேட்டுநிலம் அதற்குப் பேர்போன இடம். இலந்தை, புரசு போன்ற மரங்களில் பூச்சி ஏறும். ஆதிவாசி மக்கள் கிளையை வெட்டிப் பிசினைச் சுரண்டி எடுப்பார்கள். அதைக் கழுவும்போது வருவதுதான் அந்தச் சிவப்புச் சாயம். மீதிப் பிசினை நீளமான துணிப்பையில் இட்டு, நெருப்பின் முன் பிடித்து உருக்கிப் பிழிவார்கள். சூடு ஆறுமுன் ஒரு தொழிலாளி அதைக் கையாலும் காலாலும் பல்லாலும் இழுத்து, மெல்லிய தாளாக விரிப்பார். அதை உடைத்தால் ஷெல்லாக். ஆங்கிலத்தில் இன்று மரப்பூச்சுக்குச் சொல்லும் 'லாக்கர்' என்ற சொல்லும் இந்தியாவின் 'லாக்' என்ற சொல்லிலிருந்து கிளைத்ததே.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்து இந்தச் சரக்கு கப்பலேறி லண்டன் வந்தது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரின் மேசை, அலுமாரி, பியானோ எல்லாம் பளபளத்தது இதை ஆல்கஹாலில் கரைத்துத் துணியால் தேய்த்த பூச்சினால்தான். பெயர் மட்டும் 'பிரெஞ்சு பாலிஷ்'. பூச்சி இந்தியாவினுடையது, உழைப்பு இந்தியாவினுடையது, பெயர் பிரான்சினுடையது. பழைய 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகளிலும் ஷெல்லாக்தான் கலந்திருந்தது.

ஷெல்லாக் பூச அதிக நேரம் பிடிக்கும். மெல்லிய பூச்சு ஒன்று, காய்ந்தபின் இன்னொன்று என்று நாட்கணக்கில் வேலை. ஆயிரக்கணக்கில் கார் செய்யும் தொழிற்சாலைக்கு இது சரிவராது. அங்கேதான் நைட்ரோசெல்லுலோஸ் வருகிறது. பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் இந்தப் பொருள் முதலில் வெடிமருந்து. பிறகு சினிமாப் படச்சுருள். 1920களில் டியூபாண்ட் நிறுவனம் இதையே 'டியூக்கோ' என்ற கார்ப் பூச்சாக மாற்றியது. வாரக்கணக்கில் காயவேண்டிய கார் சில மணி நேரத்திலேயே காய்ந்தது.

1950களில் கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் மின்கிட்டார் செய்யத் தொடங்கியபோது இந்தக் கார்ப் பூச்சையே எடுத்துக்கொண்டார். 1954இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டருக்குப் பிறகு வந்த 'ஃபியஸ்டா ரெட்' என்ற புகழ்பெற்ற சிவப்பு, முதலில் ஃபோர்ட் தண்டர்பேர்ட் காரின் நிறம். கிட்டார் கடையில் நீங்கள் பார்க்கும் பழைய நிறங்கள் பலவும் ஒருகாலத்தில் அமெரிக்கத் தெருக்களில் ஓடியவை.

லியோ ஃபெண்டர் பொறியியல் படித்தவர் அல்ல, வானொலி திருத்துபவர். தன் கிட்டாரையும் திருத்தக்கூடிய பொருளாகவே வடிவமைத்தார். கழுத்து நான்கு திருகாணிகளால் உடலோடு பூட்டப்பட்டிருக்கும். கழன்றால் மாட்டலாம், தேய்ந்தால் மாற்றலாம். வயலின் செய்பவர்கள் இதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். ஆனால் வீட்டில் ஒரு திருப்புளியோடு உட்காரும் உங்களுக்கும் எனக்கும் கதவு திறந்தது அந்த நான்கு திருகாணிகளால்தான்.

அந்தத் திருகாணிகளைக் கழற்றினால் இன்னொன்றும் தெரியும். அக்காலத் தொழிற்சாலையில் கழுத்தைச் செதுக்கியவர் வேலை முடிந்ததும் அதன் அடிப்பகுதியில் பென்சிலால் தேதி எழுதுவார். சில சமயம் தன் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்ப்பார். 1950களின் ஃபெண்டர் கழுத்துகளில் 'டி.ஜி.' என்ற எழுத்துகள் பேர்பெற்றவை. டாடியோ கோமெஸ் என்ற தொழிலாளியின் எழுத்து அது. 1956இல் வேலைக்குச் சேர்ந்து பல பத்தாண்டுகள் பிக்கப்புகளுக்குக் கம்பி சுற்றிய அபிகேல் இபாரா என்ற பெண்ணும் இன்று கிட்டார் உலகில் எல்லோரும் அறிந்த பெயர். புகழ் வெகுகாலம் மேடையில் வாசித்தவர்களுக்குத்தான் போனது. செய்தவர்களின் பெயர், திருகாணியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது.

இனி லண்டனுக்கு வருவோம். 1951 முதல் 1959 வரை பிரிட்டன் அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. போருக்குப் பின் டாலர் பற்றாக்குறை. 1959இல் கிளிஃப் ரிச்சர்ட் தன் குழுவின் ஹாங்க் மார்வினுக்காக ஒரு சிவப்பு ஸ்ட்ராடோகாஸ்டரை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். அதைப் பார்த்த தலைமுறை முழுவதும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஏங்கியது. வாங்கக் காசு இல்லை.

காசு இல்லாத ஒரு பையன் ஃபெல்தமில் இருந்தான். ரெய்னர்ஸ் லேனிலிருந்து பிக்கடிலி லைனில் ஆக்டன் டவுன் போய், அங்கே மாறி ஹவுன்ஸ்லோ போனால், பிறகு ஒரு பஸ் தூரம். 1963 ஆகஸ்டில், 16 வயதில், பிரையன் மே தன் அப்பா ஹரோல்டுடன் சேர்ந்து வீட்டிலேயே ஒரு மின்கிட்டார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்கு ஒரு பழைய வீட்டின் கணப்படுப்பின் மேலிருந்த மஹோகனி மரம். அதில் புழு அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். உடலுக்கு ஒரு பழைய மேசையின் ஓக் மரம். ஸ்பிரிங், பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து. விரல்பலகைப் புள்ளிகள், அம்மாவின் பொத்தான் பெட்டியிலிருந்து. மேலே பூசியது வீட்டுத் தளபாடங்களுக்குப் பூசும் ரஸ்டின்ஸ் பிளாஸ்டிக் கோட்டிங். முடிக்க ஏறத்தாழ 2 வருடம் ஆனது.

அந்தக் கிட்டார்தான் 'ரெட் ஸ்பெஷல்'. குயீன் குழுவின் பாட்டுகளில் நீங்கள் கேட்பது அதைத்தான். 2002 ஜூன் 3 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரையில் நின்று அவர் வாசித்ததும் அதையேதான்.

ஆக, வீட்டில் வைத்து மின்கிட்டாரில் கைவைப்பது லண்டனுக்குப் புதிதல்ல. உரிப்பது என்ற வேலையைப் பரப்பியவர்கள் பீட்டில்ஸ்.

முதலில் அவர்கள் பூசினார்கள். 1967இல் ஜார்ஜ் ஹாரிசன் ஈஷர் வீட்டில் தன் வெளிர்நீல ஸ்ட்ராடோகாஸ்டரின் மேல் ஒளிரும் பெயின்ட்டால் கோலம்போல வரைந்தார். தலைப்பகுதிக்கு மனைவியின் பச்சை நகப்பூச்சு. 1967 ஜூன் 25 அன்று செயற்கைக்கோள் வழியாக உலகமெங்கும் போன நிகழ்ச்சியில் அந்தக் கிட்டாரைப் பார்க்கலாம்.

அடுத்த வருடம் எல்லாம் தலைகீழ். 1968 தொடக்கத்தில் ரிஷிகேஷ் போய் வந்தபின், ஜான் லெனனும் ஹாரிசனும் தங்கள் எபிஃபோன் கசினோ கிட்டார்களின் பூச்சை மரம் தெரியும்வரை உரித்துவிட்டார்கள். ரிஷிகேஷில் கூடவிருந்த பாடகர் டோனவன்தான் இந்த யோசனையைக் கொடுத்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. பெயின்ட்டும் வார்னிஷும் போனபின் மரம் மூச்சுவிடுவது போல ஆகிறது, கிட்டார் நன்றாகிவிட்டது என்ற பொருளில் ஹாரிசன் பின்னாளில் சொன்னார். 1969 ஜனவரி 30 அன்று சவில் ரோ மொட்டை மாடியில் அவர்கள் வாசித்த காணொளியைப் பாருங்கள். லெனன் கையில் வெளிறிய மரநிறத்தில் இருப்பது அந்தக் கசினோ.

சத்தம் மாறும் என்ற நம்பிக்கை பரவியதில் இந்தக் கிட்டாருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இந்தப் பரிசோதனைக்கு ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது கசினோ ஒன்றும் இருந்தது. அது பால் மக்கார்ட்னியுடையது. அவர் அதை உரிக்கவேயில்லை. 1966இல் 'டாக்ஸ்மேன்' பாட்டின் அந்தக் கூர்மையான தனி வாசிப்பு, பூச்சு முழுதாக இருந்த அந்தக் கசினோவில் வாசித்ததுதான். அந்தச் சத்தத்தில் ஏதாவது குறை கேட்கிறதா?

இயற்பியலும் இதையே சொல்கிறது. மின்கிட்டாரின் பிக்கப், காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக்கம்பி. மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, கம்பியில் மின்னோட்டம் பிறக்கிறது. பிக்கப் முதலில் கேட்பது தந்தியை. கசினோ உள்ளே வெற்றிடமான கிட்டார் என்பதால் அதன் மெல்லிய மேற்பலகை கொஞ்சம் லேசாகும்போது சிறு மாற்றம் வரலாம். உங்கள் கையில் இருப்பது கனமான மரக்கட்டை என்றால், பூச்சு போனதால் வரும் வித்தியாசத்தைவிடத் தந்தியை மாற்றினால் வரும் வித்தியாசம் பெரிது.

அப்படியென்றால் ஏன் உரிக்கவேண்டும்? அது உங்களுடையதாக ஆகட்டும் என்பதற்காக. அது போதுமான காரணம். ஆனால் செலவு என்ன என்று தெரிந்து செய்யுங்கள். கசினோவின் மூலப்பூச்சு 'சன்பர்ஸ்ட்': நடுவில் மஞ்சள், ஓரம் போகப்போகக் கருமை. மிச்சிகனின் கலமாசூ தொழிற்சாலையில் ஒருவர் துப்பாக்கிபோன்ற தெளிப்பானைக் கையில் பிடித்துத் தெளித்தது. கையால் தெளித்ததால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. லெனனின் கிட்டாரில் அந்த மனிதரின் வேலை இன்று இல்லை. அதற்குப் பதிலாக லெனனின் வேலை இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1999இல் எபிஃபோன் அந்த உரித்த கிட்டாரின் நகலையே தொழிற்சாலையில் செய்து விற்றது.

சரி, தீர்மானித்துவிட்டீர்கள். இவற்றைக் கவனியுங்கள்.

முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். தொடர் எண்ணைக் குறித்துவையுங்கள். 1970களுக்கு முற்பட்டதாகவோ யாராவது பெரியவர் தந்ததாகவோ இருந்தால், தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் தொடாதீர்கள். மூலப்பூச்சு போனால் பழைய கிட்டாரின் விலையில் பெரும்பகுதியும் போய்விடும். அக்காலப் பெயின்ட்டில் ஈயமும் இருக்கலாம்.

அடுத்தது, என்ன பூச்சு என்று பாருங்கள். கழுத்து உட்காரும் குழியில், எழுத்து எதுவும் இல்லாத ஓரமாக, ஒரு துளி அசிட்டோன் வையுங்கள். இளகினால் நைட்ரோசெல்லுலோஸாக இருக்கலாம். அசையாவிட்டால் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன். 1960களின் இறுதியிலிருந்து பெரிய தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் போய்விட்டன. இன்றைய மலிவுக் கிட்டார்கள் பெரும்பாலும் அவைதான்.

பாலியெஸ்டர் என்றால் ஹீட் கன்னால் மெதுவாகச் சூடாக்கி, தட்டையான கத்தியால் கிளப்பலாம். நைட்ரோசெல்லுலோஸ் பக்கத்தில் ஹீட் கன் போகவே கூடாது. வெடிமருந்தின் தம்பி அது. துரியோதனன் பாண்டவர்களை எரிக்க ஏன் அரக்கு மாளிகை கட்டினான் என்று தமிழ்ப் பள்ளியில் கதை கேட்டிருப்பீர்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு கடையில் கிடைத்த டைகுளோரோமீத்தேன் கலந்த பெயின்ட் உரிப்பானை 2011 முடிவிலிருந்து பொதுமக்களுக்கு விற்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தது. பிரிட்டனுக்கும் அது பொருந்தியது. மூடிய அறைகளில் அதைப் பயன்படுத்தியவர்கள் இறந்திருக்கிறார்கள். எங்காவது பழைய டின் கிடைத்தால் திறக்காதீர்கள்.

வேலை வெளியில், முகமூடியோடு. சாண்ட் பேப்பர் 120இல் தொடங்கி 180, 240, 320 என்று மரத்தின் இழை போகும் திசையில் தேயுங்கள். உள்ளே அழகான மரம் இருக்கும் என்று கனவு காணவேண்டாம். கறுப்புப் பெயின்ட் அடிப்பதே பல நேரம் மூன்று நான்கு துண்டு ஒட்டிய சாதாரண மரத்தை மறைக்கத்தான். மறுபூச்சுக்கு வீட்டில் எளிது டேனிஷ் எண்ணெய் அல்லது டங் எண்ணெய். துணியால் மெல்லிசாகப் பூசி, துடைத்து, காயவிட்டு, மறுபடி பூசுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவைத்தபின் எறியுங்கள்.

கடைசியாக ஒன்று. கழுத்தின் அடியிலும் அது உட்காரும் குழியிலும் சாண்ட் பேப்பர் போடவேண்டாம். அங்கே ஒரு முத்திரையோ எண்ணோ எழுத்தோ இருக்கலாம். சீனாவிலோ இந்தோனேசியாவிலோ ஒருவர் வைத்த அடையாளம். அதன் பக்கத்தில் இடம் இருக்கும். ஒரு பென்சில் எடுத்து இன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். பிறகு நான்கு திருகாணிகளையும் பூட்டுங்கள்.