பரணிலிருந்து நீதிமன்றத்துக்கு

1932 மார்ச் 1 இரவு, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஹோப்வெல் ஊருக்கு அருகே ஒரு வீட்டு மாடி ஜன்னலில் ஏணி சாத்தப்பட்டது. தொட்டிலில் உறங்கிக்கொண்டிருந்த இருபது மாதக் குழந்தை காணாமல் போனது. அட்லாண்டிக்கைத் தன்னந்தனியே விமானத்தில் கடந்து புகழ்பெற்ற சார்லஸ் லிண்ட்பர்க்கின் மகன் அது. 50,000 டாலர் பணயப் பணம் கொடுத்தும் குழந்தை உயிரோடு திரும்பவில்லை. மே 12 அன்று, வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் சடலம் கிடைத்தது. மண்டையோடு உடைந்திருந்தது.

ஏணி வீட்டருகிலேயே கிடந்தது. கழற்றி மாட்டும்படி மூன்று பகுதிகளாகச் செய்யப்பட்ட, கடையில் வாங்காத ஏணி. படிகளுக்கிடையே வழக்கத்தைவிட இடைவெளி அதிகம். பக்கச் சட்டம் ஒன்று பிளந்திருந்தது.

அன்றிரவு காவல்துறை செய்த வேலையை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. ஜன்னலுக்குக் கீழே ஈரமண்ணில் பதிந்திருந்த காலடியை முறையாக அளக்கவில்லை, அச்சும் வார்க்கவில்லை. ஏணியைப் பலர் தொட்டார்கள், தூக்கினார்கள். பின்னால் வெள்ளி நைட்ரேட் பூசித் தேடியபோது ஏராளமான கைரேகைகள் தெரிந்தன. ஆனால் கடைசியில் தண்டனை பெற்றவரின் ரேகை அவற்றில் ஒன்றுகூட இல்லை. ரேகை கைவிட்ட இடத்தில் மரம்தான் மிஞ்சியது.

விஸ்கான்சினின் மேடிசன் நகரில், அமெரிக்க வனத்துறையின் மர ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் கோலர் என்ற நிபுணர் இருந்தார். உதவத் தயார் என்று அவரே கடிதம் எழுதினார். முதலில் ஏணியின் சில சிம்புகள்தான் அவருக்கு அனுப்பப்பட்டன. 1933இல்தான் ஏணி முழுவதும் அவர் கைக்கு வந்தது. அதைக் கழற்றி, படிகளுக்கு 1 முதல் 11 வரையும் சட்டங்களுக்கு 12 முதல் 17 வரையும் எண் கொடுத்தார். நான்கு வகை மரம்: தென் மாநிலங்களின் மஞ்சள் பைன், டக்ளஸ் ஃபிர், பாண்டரோசா பைன், இணைப்பு முளைகளுக்கு பிர்ச்.

கீழ்ப்பகுதியின் 12, 13ஆம் சட்டங்களில் இழைப்பு இயந்திரத்தின் தடம் தெரிந்தது. சுழலும் கத்தி மரத்தில் மெல்லிய அலைகளை விட்டுச் செல்லும். ஒரு கத்தி சற்றுப் பழுதாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே வடு விழும். அந்த வடுக்களை அளந்து, அகலப் பக்கத்தை இழைத்த உருளையில் எட்டுக் கத்திகள், விளிம்பை இழைத்ததில் ஆறு கத்திகள் என்று கோலர் கணக்கிட்டார். அகலப் பக்கத்தில் ஒரு சுற்றுக்கு மரம் நகர்ந்த தூரம் 0.93 அங்குலம், விளிம்பில் 0.86. இப்படியொரு இயந்திரம் உங்களிடம் உண்டா என்று 1,598 மில்களுக்குக் கடிதம் போனது. இருபத்தைந்து மில்களில் இருந்தது. மாதிரிப் பலகைகளைப் பார்த்ததும் தென் கரோலினாவில் மெக்கார்மிக் என்ற சிற்றூரின் டோர்ன் மில் தனித்துத் தெரிந்தது. அங்கே 1929 செப்டம்பரில் இயந்திரத்தின் கப்பி ஒன்றை மாற்றியிருந்தார்கள். ஏணிச் சட்டங்களின் வடுக்களுக்கு இடையே இருந்த தூரத்தை அந்தப் புதிய கப்பிதான் கொடுத்தது. ஆகவே பலகை அதற்குப் பிறகுதான் வெளியேறியிருக்க வேண்டும்.

அங்கிருந்து வடக்கே போன ரயில் பெட்டிச் சரக்குகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே போனார். 1933 நவம்பரில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு மரவாடிக்கு வந்து சேர்ந்தார். அந்தச் சரக்கில் ஒரு பலகைகூட விற்காமல் மிஞ்சவில்லை. ஆனால் மரவாடிக்காரர்கள் அதே சரக்கைக் கொண்டு ஒரு மரத்தொட்டி அடித்திருந்தார்கள். அதிலிருந்து அறுத்தெடுத்த துண்டில் அதே வடு! வாங்கியவர் யார் என்பதற்குத்தான் வழியில்லை. ரொக்க வியாபாரம், பெயர்ப் பதிவு கிடையாது.

ஏணியில் இன்னொரு பலகை இருந்தது. மேல்பகுதியின் இடப்பக்கச் சட்டம், எண் 16. மற்றவற்றோடு ஒட்டாத மரம். அகலமான பலகையை வாளால் சிறுத்து, விளிம்பைக் கை இழைப்புளியால் தேய்த்திருந்தார்கள். ஏணிக்குத் தேவையே இல்லாத நான்கு ஆணித் துளைகள் அதில் இருந்தன; பழைய பாணிச் சதுர ஆணி அடித்த துளைகள். சுற்றிலும் துருக்கறை இல்லை. அப்படியானால் மழை படாத இடத்தில், கொட்டகையிலோ பரணிலோ, வேறு வேலைக்கு அடிக்கப்பட்டிருந்த பலகை இது என்று கோலர் எழுதிவைத்தார். ஒருவரும் கைதாகாத காலத்தில் எழுதப்பட்ட குறிப்பு அது. இந்த வழக்கிலேயே மிகப் பெரிய காரியம் அதுதான் என்பேன்.

1934 செப்டம்பரில் ஒரு பெட்ரோல் பங்கில் பத்து டாலர் தங்கச் சான்று நோட்டு வந்தது. தங்க நோட்டுகளை முந்தைய ஆண்டே அரசு திரும்பப் பெற்றிருந்ததால் சந்தேகப்பட்ட ஊழியர், நோட்டின் ஓரத்தில் கார் எண்ணைக் குறித்துவைத்தார். அது பணயப் பண நோட்டு. பிராங்ஸில் வசித்த ஜெர்மானியத் தச்சர் புரூனோ ரிச்சர்ட் ஹவுப்ட்மன் 19ஆம் தேதி கைதானார். அவர் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் பதினான்காயிரம் டாலர் அளவுக்கு அதே பணம் இருந்தது. கோலர் வந்து நின்ற மரவாடியில் அவர் முன்பு வேலை பார்த்தவர்.

கைதான சில நாட்களில் அவருடைய பரணில் தரைப்பலகை ஒன்று பாதியோடு அறுபட்டிருப்பதைக் கண்டார்கள். 16ஆம் சட்டத்தை அந்த வெற்றிடத்தில் கிடத்தியபோது, நான்கு துளைகளும் கீழிருந்த உத்தரக் கட்டைகளின் துளைகளோடு நேர்பட்டன. மிஞ்சிய தரைப்பலகையின் ஆண்டு வளையங்கள், நடுவே சிறு துண்டு விடுபட்டிருந்தும், சட்டத்தின் வளையங்களோடு தொடர்ந்தன.

1935 ஜனவரியில் ஃப்ளெமிங்டனில் விசாரணை தொடங்கியது. மரத்துக்கு நிபுணர் என்று ஒருவர் இருக்கவே முடியாது என்றது எதிர்த்தரப்பு. நீதிபதி டிரெஞ்சர்ட் ஏற்கவில்லை. கோலர் ஹவுப்ட்மனின் இழைப்புளியை வாங்கி, நீதிமன்றத்திலேயே ஒரு கட்டையை இழைத்தார். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஏணியின் விளிம்பில் இருந்த கீறல்களோடு ஒப்பிட்டுக் காட்டினார். பிப்ரவரி 13 அன்று தீர்ப்பு, 1936 ஏப்ரல் 3 அன்று மின்நாற்காலி. ஹவுப்ட்மன் கடைசிவரை குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

பரண் பலகையைக் காவல்துறையே ஜோடித்தது என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. நியூஜெர்சி ஆளுநர் ஹாஃப்மனே அந்தப் பரணுக்கு நேரில் போய்ப் பார்த்தார். இந்தச் சந்தேகத்துக்குக் கைதுக்குப் பின் வந்த எந்தச் சாட்சியமும் முழு விடையாகாது. கைதுக்கு முன் எழுதப்பட்ட குறிப்புதான் விடை. ஹவுப்ட்மன் என்ற பெயரே தெரியாதபோது அந்த நான்கு துளைகள் தாளில் ஏறிவிட்டன. கூட்டாளி இருந்தாரா, குழந்தை எந்த நிமிடத்தில் இறந்தது என்பதையெல்லாம் ஏணி சொல்லவில்லை. அதன் ஒரு சட்டம் ஹவுப்ட்மனின் பரணிலிருந்து வந்தது என்பதை மட்டும் நான் ஐயமின்றி ஏற்கிறேன்.