ஒஸ்லோவிற் பிறந்த ஒரு முறை

பாலமொன்றின் முகப்பிலே சுங்கச் சாவடி. லொறிகளும் பஸ்களும் மோட்டார்க் கார்களும் வரிசையிற் காத்து நிற்கின்றன. இன்னுமொரு சாவடி அமைத்தால் வரிசை குறையுமா? இத்தகைய வினாக்களுக்குக் கணினியின் வாயிலாக விடைகாணும் முயற்சியிலிருந்தே, பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் எனப்படும் முறை தோன்றியது.

நோர்வேத் தலைநகரான ஒஸ்லோவில், நோர்வே கணிப்பு நிலையத்திற் பணியாற்றிய கிறிஸ்தன் நீகார்ட், ஒலே யொகான் டால் ஆகிய இருவரே அதன் தந்தையர். அக்கால வழக்கில், தரவுகள் ஓரிடத்திலும் அவற்றைக் கையாளும் கட்டளைகள் வேறோரிடத்திலும் இருக்கும். கணக்குப் போடுவதற்கு அது போதும். ஆயின், நூறு வண்டிகள் ஒரே வேளையில் தத்தம் போக்கிற் செல்லும் உலகை அவ்வாறு எழுதப் புகுந்தால், ஒரு வண்டியைப் பற்றிய செய்தி பத்து இடங்களிற் சிதறும். ஒன்றைத் திருத்த, மற்றொன்று பழுதாகும். ஆதலின் அவர்கள் வண்டியையே அலகாகக் கொண்டனர். தன் நிலையையும் தன் செயலையும் தன்னகத்தே உடையது அது. 1965 இன் தொடக்கத்திற் சிமுலா மொழி யூனிவாக் 1107 கணினியில் இயங்கியது.

எனினும், லொறிக்கும் காருக்கும் பொதுவான இயல்புகளை மீண்டும் மீண்டும் எழுத நேர்ந்தது. 1966-67 குளிர்காலத்தில், மேற்சொன்ன சுங்கச் சாவடியே வழிகாட்டிற்று. பொதுவானதை ஒரு வகுப்பில் ஒருமுறை எழுதி, சிறப்பியல்பை மட்டும் உள்வகுப்பிற் சேர்த்தாற் போதுமன்றோ! மரபுரிமை எனப்படும் இக்கருத்துடன் சிமுலா 67 உருவாயிற்று.

இம்முறைக்கு விலையும் உண்டு. டென்மார்க்கரான பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப், 1970 களிற் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்காகச் சிமுலாவில் ஒரு செய்நிரல் எழுதினார். அது வளர வளர அமைப்புத் தெளிவாகவே இருந்தது. பல பிழைகளை மொழியே காட்டிக்கொடுத்தது. வேகமோ மிக மந்தம். ஆய்வே நின்றுவிடும் நிலை. வேறு வழியின்றி யாவற்றையும் பி.சி.பி.எல். மொழியில் மீள எழுதினார். வேகம் கிடைத்தது, நிம்மதி போயிற்று. தெளிவையும் வேகத்தையும் ஒருங்கே பெற விழைந்தே, 1979 இற் பெல் ஆய்வுகூடத்திற் சி மொழியுடன் வகுப்பைச் சேர்க்கத் தொடங்கினார். 1983 இல் அதற்குச் சி பிளஸ் பிளஸ் என்னும் பெயர் அமைந்தது.

எல்லாப் பணிக்கும் இதுவே சிறந்ததெனல் மிகை. ஒரு சமன்பாட்டைத் தீர்க்க வகுப்புகளை அடுக்குதல் வீண் சுமை. பலர் கூடி எழுதிப் பல்லாண்டு திருத்தப்படும் பெருஞ்செய்நிரலிலேயே இதன் அருமை புலப்படும்.

2001 ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் பரிசு டாலுக்கும் நீகார்டுக்கும் வழங்கப்பெற்றது. 2002 இல், ஆறு வார இடைவெளியில், இருவரும் காலமாயினர்.