26 பேர், ஒரு சதி, ரெண்டு பேட்டரி

இந்த எபிசோடை எங்க ஊர் கருக்களாச்சேரியில உட்கார்ந்து பதிவு பண்றேன். நடுவுல படகு இன்ஜின் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

1991 மே மாசத்துக்கு அப்புறம் இந்தக் கடற்கரையில எல்லாருக்கும் ஒரே பயம்தான்னு அப்பா சொல்வார். ராஜீவ் காந்தியைக் கொல்ல வந்த சிவராசன், தணு, சுபா உள்ளிட்ட ஒன்பது பேர் மே 1-ம் தேதி கரையிறங்கினது இங்கேர்ந்து தெற்கே இருக்கிற கோடியக்கரையில. "எப்பவோ ஒரு இலங்கைக்காரனுக்கு டீ வாங்கிக் குடுத்திருந்தாக்கூட ராத்திரி தூக்கம் வராதுடா"ம்பார். சின்ன வயசுல நான் சிரிச்சிருக்கேன். அந்த வழக்கோட தீர்ப்பைப் படிச்ச பிறகு சிரிப்பு வரல.

குற்றச்சதிங்கிற 120ஏ, 120பி பிரிவுகள் தண்டனைச் சட்டத்துல சேர்ந்தது 1913-ல. இப்போ அது பாரதிய நியாய சன்ஹிதாவோட 61-வது பிரிவு. சாரம் ஒண்ணுதான்: ஒரு குற்றத்தைச் செய்யலாம்னு ரெண்டு பேர் உடன்பட்டாலே அது தனிக் குற்றம். ஆனா சதி பண்றவங்க பத்திரம் எழுதி வைக்கிறதில்லையே! யார் யாரைப் பார்த்தாங்க, யார் வீடு பிடிச்சுக் கொடுத்தாங்க, யார் என்ன வாங்கினாங்கன்னு சூழ்நிலையை வச்சுத்தான் கோர்ட் ஊகிக்கணும். ஆபத்தும் அங்கேதான். ஒருத்தருக்கு எதிரான சாட்சியம் பக்கத்துல நிக்கிறவர் மேலயும் ஒட்டிக்கும்.

ஒட்டிக்கிச்சு. குற்றம் சாட்டப்பட்ட 41 பேர்ல 12 பேர் இறந்துட்டாங்க, 3 பேர் தலைமறைவு. மிச்சம் 26 பேர். 1998 ஜனவரி 28-ம் தேதி பூந்தமல்லி தடா நீதிமன்றம் அந்த 26 பேருக்குமே தூக்குன்னு தீர்ப்பு சொன்னது. வீடு கொடுத்தவர், கொலைக்கு அப்புறம் சிவராசனை ஒளிச்சு வச்சவர், எல்லாருக்கும் ஒரே கயிறு.

பழ. நெடுமாறன் தலைமையில ஒரு குழு அமைஞ்சு, ஜனங்ககிட்ட நிதி திரட்டி வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனாங்க. அங்கே வாதாடினவர் மூத்த வழக்கறிஞர் என். நடராசன். ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவோட சேர்ந்து பல பேர் செத்தாங்க, அதுல பந்தோபஸ்துக்கு நின்ன போலீஸ்காரங்களும் உண்டு. அப்படி ஒரு வழக்குல இந்தப் பக்கம் நின்னு பேச ஒரு தைரியம் வேணும். சதியே நடக்கலன்னு சொல்லி ஜெயிக்கக்கூடிய வழக்கு இல்ல இது. இந்த ஆளுக்கு என்ன தெரியும், எப்போ தெரியும், அவர் உடன்பட்டாரான்னு ஒவ்வொருத்தரா பிரிச்சுப் பார்க்க வைக்கணும்.

1999 மே 11. நீதிபதிகள் தாமஸ், வாத்வா, காத்ரி. சதிக்கும் கொலைக்கும் 7 பேர் மட்டுமே குற்றவாளிகள்னாங்க: நாலு பேருக்குத் தூக்கு, மூணு பேருக்கு ஆயுள். மத்த 19 பேரும் வெளியே. நீதிபதி வாத்வா எழுதின பகுதியை அவசியம் படிங்க. சதிகாரரோட பழகினது மட்டும் சதி ஆகாது. தெரிஞ்சிருந்தது மட்டும் போதாது, உடன்பாடு வேணும். காரியம் முடிஞ்ச பிறகு அடைக்கலம் கொடுத்தா அது வேற குற்றம், அதனால அவர் சதிகாரர் ஆயிட மாட்டார்.

எனக்கு ஜீரணமாகாத இடமும் அதே தீர்ப்புலதான். தடா குற்றச்சாட்டு நிற்காதுன்னாங்க. ஆனா தடா இருந்ததாலேயே போலீஸ் அதிகாரி பதிவு பண்ண முடிஞ்ச வாக்குமூலங்கள் மட்டும் செல்லும்! பேரறிவாளன் மாட்டினது அதுலதான். கைதானப்போ வயசு 19. ரெண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார்ங்கிறது வழக்கு. எதுக்குன்னு தனக்குத் தெரியாதுன்னு அவர் சொன்னதைத் தான் பதிவு பண்ணாம விட்டுட்டதா, அந்த வாக்குமூலத்தை எழுதின அதிகாரி தியாகராஜன் 2013-ல வெளிப்படையாச் சொன்னார். உடன்பாடு இருந்துச்சா இல்லையாங்கிறதே அந்த ஒரு வரியிலதான் இருக்கு. 2022 மே 18-ல உச்ச நீதிமன்றம் 142-வது பிரிவுல அவரை விடுதலை பண்ணுச்சு. விடுதலைதான், நிரபராதின்னு தீர்ப்பு இல்ல.

நேத்து ராத்திரி இதையெல்லாம் அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "வீடு குடுத்தவன் அந்தப் பத்தொம்பதுல இருந்தானா?"

இருந்தார்ப்பான்னேன்.